குழப்படியும் குளிசையும்

வகுப்பில் அமர்ந்திராத பிள்ளையைக் ‘குழப்படிகாரன்’ என்பது நம் வழக்கு. கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும் வீட்டிலும் பாடசாலையிலும் ஆறு மாதங்களேனும் நீடித்தாலன்றி மருத்துவம் அதனைக் கோளாறெனக் கொள்வதில்லை.

1937இல் அமெரிக்க மருத்துவர் சார்ள்ஸ் பிராட்லி 30 பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் கொடுத்தபோது, ஏறத்தாழ அரைவாசிப்பேர் பாடங்களில் வியக்கத்தக்க அக்கறை காட்டினர். இன்று பெரிதும் வழங்கப்படும் மெதைல்பெனிடேற்றும் கவனத்தை நிலைப்படுத்துகின்றது. பசியையும் உறக்கத்தையும் குறைப்பதுமுண்டு.

ஆயின், பிள்ளை வாழும் வீட்டைக் குளிசை மாற்றுவதில்லை. 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதங்கள் நோக்கிய அமெரிக்க ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. கவனக்குறைவைத் தணிப்பதில், நன்கு கண்காணிக்கப்பட்ட மருந்து நடத்தைச் சிகிச்சையை விஞ்சியது. பெற்றோர்–பிள்ளை உறவு போன்றவற்றில் இரண்டும் இணைந்தபோதே ஓரளவு கூடிய பயன் தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் இவ்வேறுபாடுகள் மறைந்திருந்தமையும் மனங்கொள்ளத்தக்கது.

நடத்தைச் சிகிச்சையின் பெரும்பகுதி பெற்றோர் பயிற்சியே: நற்செயலை உடனே பாராட்டல், கட்டளையைச் சுருங்கக் கூறல், சொன்னதில் மாறாதிருத்தல். இவற்றுக்கு வேண்டுவது நேரம். நேரமோ உழைப்போரிடம் விலைக்கு வாங்கப்பட்டுவிட்டது. அலவத்துகொடையிலிருந்து கண்டி வைத்தியசாலைக்குப் பஸ்ஸேறும் நாட்கூலித் தாய்க்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒருநாட் சம்பளம். தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாயின், பயிற்சி அம்மம்மாவுக்கே உரியது, அதுவும் தமிழில். (குளிசைக்கு மொழியில்லை, உளச்சிகிச்சை மொழியாலேயே நிகழ்வது.) இவ்விடர்களால் குளிசை மட்டும் எஞ்சுமாயின், அத்தெரிவைச் செய்தது மருத்துவரல்லர், வறுமையே.

ஆறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியையே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் முதற் சிகிச்சையாக விதந்துரைக்கின்றது. அதனை அலவத்துகொடையின் முன்பள்ளியொன்றிலேயே, வேலை முடியும் மாலைவேளையில் நடத்துதல் இயலாததன்று.