எடையில்லாத இரை

பினாங்குத் தீவில் தூண்டில் போடுவோரைக் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனில் பாடாங் கோத்தா லாமா கடற்சுவரை ஒட்டி மாலை வேளையில் நடந்தாலே போதும். தூண்டில்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளியுடன் அமர்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். கொக்கியில் இறாலைக் கோத்து, ஈயக்குண்டின் எடையால் நூலைத் தூர வீசிவிட்டால் அவர்களின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு காத்திருப்பதுதான்.

மீன்பிடிப்பில் இதற்கு முற்றிலும் மாறான ஒரு முறையும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபிளை ஃபிஷிங்’ எனப்படும் அதைத் தமிழில் ‘ஈத்தூண்டில்’ எனலாம். அதில் உயிருள்ள இரை இல்லை, ஈயக்குண்டும் இல்லை. கோழி இறகையும் விலங்கின் முடியையும் கொக்கியில் வைத்து நூலால் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சியே இரை. அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம். கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். அப்படியானால், பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் மீனிடம் அது எப்படிப் போய்ச் சேர்கிறது?

விடை நூலில் இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் குண்டுதான் பறக்கும். நூல் அதன் பின்னால் போகும். ஈத்தூண்டிலிலோ நூலே பறக்கும். இரை அதன் பின்னால் போகும். இதற்கெனப் பிளாஸ்டிக் பூசப்பட்ட தடித்த நூல் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அதன் நுனியில் மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நைலான் நூலை ஏறத்தாழ 3 மீட்டர் நீளத்திற்கு இணைத்து, அதன் முனையில் இரையைக் கட்டுவார்கள். கோலை மேலே உயர்த்திப் பின்னால் விசிறும்போது, நூல் தலைக்கு மேலே சென்று முதுகுப்புறம் நீள்கிறது. அது முழுமையாக நீண்டதும் கோலை முன்னால் விசிறினால், நூலின் எடையால் கோல் வில்லைப்போல் வளைந்து, நிமிரும் வேகத்தில் நூலை முன்னோக்கிச் செலுத்துகிறது.

படிக்க எளிதாகத் தோன்றும் இச்செயலில்தான் புதியவர்கள் தடுமாறுகின்றனர். பின்னால் போன நூல் நீள்வதற்கு ஒரு நொடி வேண்டும். அந்த ஒரு நொடியைப் பொறுக்க முடியாமல் கோலை முன்னால் இழுத்தால், நூல் சாட்டையைப்போல் ‘பட்’டென ஒலிக்கும், இரை அறுந்து போவதும் உண்டு. தூரமாகப் போகவில்லையே என்று தோள்பலத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே, தலையைத் திருப்பி நூல் நீள்வதைக் கண்ணால் பார்க்குமாறு பயிற்சியாளர்கள் கூறுவர். என்றாவது ஒருநாள், அதிக முயற்சியின்றியே நூல் அழகாக விரிந்து, இரை ஓசையின்றி இறங்கும். அன்று மீன் சிக்காவிட்டாலும் மனிதர் சிக்கிவிடுவார்!

தொடக்கப் பயிற்சிக்கு நீர்நிலையே தேவையில்லை. கொக்கிக்குப் பதிலாகச் சிறிது கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத திடலில் பயிலலாம். நடைப்பயிற்சி செய்வோர் நிறைந்த கடற்சுவர் இதற்குச் சற்றும் ஏற்றதன்று. பின்னால் பறக்கும் கொக்கி பிறர் முகத்தில் பாயக்கூடும். தொப்பியும் கண்ணாடியும் அணிவது பழகுபவருக்கும் பாதுகாப்பு.

இம்முறை மிகப் பழமையானது. ஏறத்தாழ கி.பி. 200-ஆம் ஆண்டில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய ஆற்று மீனவர்களைப் பற்றி எழுதியுள்ளார். அங்குள்ள மீன்கள் ஒருவகை ஈயை விரும்பி உண்டன. ஆனால், மனிதக் கை பட்டால் அந்த ஈயின் நிறம் கெட்டுவிடும். எனவே, மீனவர்கள் கொக்கியில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டை வைத்துக் கட்டி மீனை ஏமாற்றினார்களாம்.

மீன் எதை உண்கிறது என்று முதலில் கவனித்தாக வேண்டும் என்பது இன்றும் மாறவில்லை. பினாங்கில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. நீர் ஏறும்போது இறாலும் சிறுமீன்களும் அலையாத்தி வேர்களுக்கிடையே புகும். மலாயில் சியாக்காப் எனப்படும் கொடுவா அவற்றைத் தேடி வரும். அங்கே ஈயைப்போன்ற இரையால் பயனில்லை. இறாலைப்போல் கட்டிய இரையை நீரில் இட்டு, இறால் துள்ளுவதுபோல் விட்டுவிட்டு இழுக்க வேண்டும். இவ்வளவு செய்தும், உயிர் இறாலைக் கோத்துப் போட்ட பக்கத்து மனிதரின் வாளியே முதலில் நிறையும். அதைக் கண்டு மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்களும் உண்டு.

தீபகற்பத்தின் காட்டாறுகளில் வாழும் கெலா மீன், காவிரியின் மாசீர் மீனுக்கு நெருங்கிய உறவு. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர், மாசீர் பிடிப்பதைப் பற்றி 1873-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதினார். நீரில் உதிரும் காட்டுப் பழங்களையும் கெலா உண்ணும். ஆதலால், பழத்தைப்போல் இரை கட்டுவோரும் இருக்கின்றனர்.

ஆறுகள் மாசடைவதாலும் அளவுக்கு மீறிப் பிடிப்பதாலும் கெலா இன்று அரிதாகிவிட்டது. அதனால் பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விடுகின்றனர். ஆனால், விட்டுவிட்டால் மட்டும் மீன் பிழைத்துவிடாது. அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம்; உலர்ந்த கை பட்டால் அது உரிந்துபோகும். எனவே, கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். கொக்கியின் உள்முள்ளை முன்னதாகவே குறடால் நசுக்கிவிட்டால், அதை எளிதாகக் கழற்றலாம். படம் எடுக்க விரும்பினால் மீனை நீர்மட்டத்திலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். களைத்த மீனை, அதன் தலை நீரோட்டத்தை எதிர்நோக்கியிருக்குமாறு இரு கைகளாலும் மெல்லத் தாங்கியிருந்தால், செவுள்களின் வழியே நீர் பாயும். சிறிது நேரத்தில் வால் அசையும். பின்னர் அதுவே கையை விலக்கிக்கொண்டு ஆழத்திற்குச் செல்லும்.