ராக்கெட்பால் ஆட்டத்தின் உடல்நலப் பயன்கள்

ராக்கெட்பால் என்பது நான்கு சுவர்களும் மேற்கூரையும் சூழ்ந்த அரங்கினுள், நரம்பு பின்னிய குட்டை மட்டையையும் உள்ளீடற்ற இரப்பர்ப் பந்தையும் கொண்டு ஆடப்படும் விளையாட்டு ஆகும். இருவர் எதிரெதிராகவோ, நால்வர் இரு அணிகளாகவோ ஆடலாம். பெயரில் உள்ள ராக்கெட் என்ற சொல் மட்டையைக் குறிப்பது. விண்வெளிக்குச் செல்லும் ஏவூர்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. குறுகிய நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கால் தசைகளுக்கும் கடுமையான உழைப்பைத் தரும் ஆட்டம் என்பதால், போட்டிக்காக மட்டுமன்றி உடற்பயிற்சிக்காகவும் இது ஆடப்படுகிறது. அதே கடுமை, ஆயத்தமின்றி ஆடுவோருக்குத் தீங்காகவும் முடியக்கூடும். எனவே இக்கட்டுரை பயன்களோடு இடர்களையும் சேர்த்தே விளக்குகிறது.

தோற்றம்

இவ்விளையாட்டை 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள கிரீனிச் நகரில் ஜோ சோபெக் என்பவர் உருவாக்கினார். டென்னிசிலும் சுவர்ப்பந்திலும் (ஸ்குவாஷ்) தேர்ந்தவரான அவர், விரைவானதும் எளிதில் கற்கக் கூடியதுமான ஓர் உள்ளரங்க ஆட்டத்தை விரும்பினார். வெறுங்கையால் பந்தை அடிக்கும் கைப்பந்தாட்டத்தின் அரங்குகள் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களில் ஏற்கனவே இருந்தன. அவ்வரங்கையே எடுத்துக்கொண்டு, கைக்குப் பதிலாக நரம்பு மட்டையைக் கொடுத்ததே அவர் செய்த மாற்றம். புதிய அரங்கு கட்டத் தேவையில்லாததால் ஆட்டம் விரைந்து பரவியது. 1970களில் அமெரிக்காவில் இது பெருமளவு புகழ் பெற்றது. முதல் உலகப் போட்டி 1981இல் கலிபோர்னியாவில் நடைபெற்றது. 1995 முதல் பான் அமெரிக்க விளையாட்டுகளிலும் இடம்பெறலாயிற்று.

பிரித்தானியாவில் இதே ஒலிப்புடைய பெயரில் ஓர் ஆட்டம் இருந்தது. அது சுவர்ப்பந்து அரங்கில் ஆடப்படுவது. 2016இல் அதன் பெயர் ஸ்குவாஷ் 57 என மாற்றப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.

ஆட்டமுறையும் உடலுழைப்பும்

அரங்கம் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்டது. பந்தின் விட்டம் ஏறத்தாழ 57 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 40 கிராம். மட்டையின் நீளம் 22 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. அடித்த பந்து தரையைத் தொடுமுன் முன்சுவரைத் தொட வேண்டும். எதிராளி அதனை இரண்டாம் முறை தரையில் படுமுன் திருப்ப வேண்டும். பக்கச் சுவர்கள், பின்சுவர், மேற்கூரை அனைத்தும் ஆட்டத்துக்குள் அடங்கும்.

சுவர்ப்பந்தில் முன்சுவரின் அடிப்பகுதியில் பந்து படக் கூடாத ஒரு பட்டை உண்டு. மேற்கூரையும் ஆட்டத்துக்கு வெளியே. மேலும் அதன் பந்து சிறியது, குறைவாகவே எழும்புவது. ராக்கெட்பால் பந்து நன்றாக எழும்பும். தவறவிட்ட பந்து பின்சுவரில் மோதி மீண்டும் முன்னோக்கி வரும். ஆடுபவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கும். இதனால் புதிதாகக் கற்பவர்கூட முதல் நாளிலேயே பந்தைத் தொடர்ந்து திருப்பி அடிக்க முடிகிறது. உடல்நல நோக்கில் இது சிறிய செய்தியன்று. டென்னிசில் தொடக்கநிலை ஆட்டக்காரர் பெரும்பகுதி நேரத்தைப் பந்து பொறுக்குவதிலேயே கழிப்பார். திறமை வந்த பின்னரே உழைப்பு வரும். இங்கோ திறமைக்கு முன்பே உழைப்பு வந்துவிடுகிறது.

இதயமும் மூச்சும்

ஒரு பந்தடித் தொடர் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த தொடக்க அடிக்குச் சிறிது நேரமே இடைவெளி. நடுவர் புள்ளியை அறிவித்த பின் பத்து நொடிகளுக்குள் பந்தை அடித்தாக வேண்டும் என்பது விதி. அதாவது, சில நொடிகள் முழு வேகம், சில நொடிகள் ஓய்வு என்ற சுழற்சி ஆட்டம் முழுவதும் தொடர்கிறது. உடற்பயிற்சி நூல்களில் இடைவெளிப் பயிற்சி எனப்படுவதும் இதுவே. ஓட்டப்பாதையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்வதை, இவ்வாட்டத்தில் ஒருவர் தாம் அறியாமலேயே செய்கிறார்.

சில நொடிகளே நீளும் ஓட்டம் எவ்வாறு மூச்சுத் திறனை வளர்க்கும் என்ற ஐயம் எழலாம். திடீர் வேகத்துக்கான ஆற்றலைத் தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டு என்னும் சேர்மமே முதலில் வழங்குகிறது. இச்சேமிப்பு சுமார் பத்து நொடிகளில் பெரிதும் குறைந்துவிடும். அதனை மீண்டும் நிரப்புவதற்கு ஆக்சிசன் தேவை. எனவே ஆட்டக்காரர் நின்று மூச்சு வாங்கும் வேளையிலும் இதயமும் நுரையீரலும் விரைவாக இயங்கிக்கொண்டே இருக்கின்றன. அடுத்த தொடர் தொடங்குமுன் துடிப்பு முழுமையாகத் தணிவதில்லை. இதனால் ஆட்ட நேரத்தின் பெரும்பகுதியில் இதயத் துடிப்பு, ஒருவருடைய உச்சத் துடிப்பின் முக்கால் பங்கை ஒட்டி அல்லது அதற்கு மேல் நிற்கும். உச்சத் துடிப்பைத் தோராயமாக அறிய, 220இலிருந்து வயதைக் கழிப்பது வழக்கம். 40 வயதினருக்கு அது நிமிடத்துக்கு 180; அதில் முக்கால் பங்கு 135 ஆகும்.

ஆற்றல் செலவு

உடலுழைப்பின் கடுமையை ஒப்பிட மெட் என்னும் அலகு பயன்படுகிறது. சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். இது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆகும். உடலியக்கங்களுக்கான அளவுத் தொகுப்பில், பொழுதுபோக்காக ஆடும் ராக்கெட்பாலுக்கு 7 மெட்டும் போட்டி ஆட்டத்துக்கு 10 மெட்டும் தரப்பட்டுள்ளன. இக்கணக்கின்படி 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் பொழுதுபோக்காக ஆடினால் ஏறத்தாழ 420 கிலோகலோரியும், போட்டியில் ஆடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரியும் செலவிடுவார். அவரே மிதமான வேகத்தில் நடந்தால் இதில் பாதியளவே செலவாகும். எனினும் அரங்கை ஒரு மணி நேரம் பதிவு செய்வது வேறு, ஒரு மணி நேரம் ஆடுவது வேறு. பேச்சிலும் தண்ணீர் குடிப்பதிலும் செல்லும் நேரத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் உண்ணும் சிற்றுண்டியும் இக்கணக்கை எளிதில் ஈடுகட்டிவிடும்.

உலக நல நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்கள் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உழைப்போ பெற வேண்டும். ஆறு மெட்டும் அதற்கு மேலும் கடுமையான உழைப்பாகக் கொள்ளப்படுவதால், வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 40 நிமிடங்கள் ஆடுபவர் குறைந்தபட்ச அளவை எட்டிவிடுகிறார். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரு நாட்களாவது செய்யுமாறு அதே வழிகாட்டுதல் கூறுகிறது. அதற்கு இவ்வாட்டம் மட்டும் போதாது.

ஆய்வுகள் கூறுவன

ராக்கெட்பாலை மட்டும் தனியே எடுத்துக்கொண்ட நீண்டகால ஆய்வுகள் அரிது. பெரும்பாலான ஆய்வுகள் மட்டை விளையாட்டுகளை ஒரே தொகுதியாகக் கொள்கின்றன. பிரித்தானியாவில் 80,306 பேரின் தரவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வில், மட்டை விளையாட்டு ஆடியோரிடையே, எக்காரணத்தாலும் நேரும் இறப்பின் வாய்ப்பு, ஆடாதோரைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தது. இதயம், குருதிக் குழாய் நோய்களால் நேரும் இறப்பு 56 விழுக்காடு குறைவு. நீச்சலுக்குக் கிடைத்த அளவு 28 விழுக்காடு, மிதிவண்டிக்கு 15 விழுக்காடு. டென்மார்க்கின் கோபனேகன் நகரில் ஏறத்தாழ 8,600 பேரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வும், டென்னிசு, பூப்பந்து ஆடுவோர் மற்ற உடற்பயிற்சி செய்வோரைவிட நீண்டகாலம் வாழ்ந்ததாகக் கூறியது.

இவ்விரு ஆய்வுகளிலும் ராக்கெட்பால் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வொன்றில் டென்னிசு, சுவர்ப்பந்து, ராக்கெட்பால் மூன்றும் ஒரே வினாவாகக் கேட்கப்பட்டிருந்தன. முதியோர் 2,72,550 பேரைக் கொண்ட அவ்வாய்வில் மட்டை விளையாட்டு ஆடியோரின் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு குறைந்திருந்தது. நடைப்பயிற்சிக்கு அது 7 விழுக்காடு. முந்தைய 47 விழுக்காட்டைவிட இது மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்காட்டும் விளம்பரங்களை நம்புதல் தகாது.

இவை யாவும் நோக்கீட்டு ஆய்வுகள். மட்டை விளையாட்டு ஆடுவோர் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உடையோர். உடல் நலமாக இருப்பதாலேயே ஆட முடிகிறவர்கள். ஆய்வாளர்கள் கணக்கியல் முறையில் இவற்றை ஈடுசெய்ய முயன்றாலும் முழுமையாக நீக்க இயலாது. அதேவேளை, இவ்வாட்டத்துக்கு எதிராளி ஒருவர் தேவை என்பதும் ஒரு காரணமாகலாம் எனக் கோபனேகன் ஆய்வாளர்கள் கருதினர். பிறரோடு பழகும் வாய்ப்பைத் தரும் விளையாட்டுகளே அவர்களுடைய பட்டியலில் முன்னணியில் நின்றன.

எலும்பும் தசையும்

திடீரென நிற்றல், திரும்புதல், தாழக் குனிந்து பந்தை எடுத்தல் ஆகியவற்றால் தொடை, பின்தொடை, இடுப்பு, கெண்டைக்கால் தசைகள் வலுப்பெறுகின்றன. பல திசைகளிலிருந்து வரும் தாக்கம் எலும்பை வளர்க்கத் தூண்டுகிறது. பின்லாந்தில் டென்னிசு, சுவர்ப்பந்து வீராங்கனைகளிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறுகையினதைவிடத் திண்மை மிக்கதாக இருந்தது. பூப்பெய்துவதற்கு முன்போ அக்காலத்திலோ ஆடத் தொடங்கியோரிடம் இவ்வேறுபாடு, பிற்காலத்தில் தொடங்கியோரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதல். சிறு வயதில் தொடங்குவதன் பயனுக்கு இது நல்ல சான்று. ஒரு கை மட்டுமே கூடுதலாக உழைப்பதால், மறுகைக்கும் தோளுக்கும் தனிப் பயிற்சி தருவது நன்று.

பந்து எச்சுவரில் பட்டு எங்கு திரும்பும் என நொடிக்குள் கணிக்க வேண்டியிருப்பதால் கண், கை, கால் ஆகியவற்றின் ஒத்திசைவும் மேம்படுகிறது.

கண் பாதுகாப்பு

இவ்வாட்டத்தில் தவறாது பின்பற்ற வேண்டிய ஒன்று உண்டெனில் அது கண்ணாடி அணிதலே. தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கும் பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லும். இருவரும் ஒரே மூடிய அரங்கில், சில அடி இடைவெளியில் நிற்கிறார்கள். எதிராளி பின்னால் நின்று அடிக்கும்போது, என்ன செய்கிறார் என்று பார்க்க முன்னால் நிற்பவர் முகத்தைத் திருப்புகிறார். பெரும்பாலும் அந்நொடியில்தான் விபத்து நேர்கிறது. கண்ணுக்குள் குருதி கசிதல், விழித்திரை பிரிதல், நிலையான பார்வை இழப்பு ஆகியன ஏற்படலாம்.

தொடக்க காலத்தில் வில்லையில்லாத, சட்டம் மட்டுமே கொண்ட காப்புகள் விற்கப்பட்டன. பந்து கண்குழியைவிடப் பெரியது என்பதால் சட்டமே தடுத்துவிடும் என்று எண்ணினர். ஆனால் உள்ளீடற்ற பந்து மோதும்போது நசுங்கி, சட்டத்தின் இடைவெளி வழியே கண்ணைத் தாக்கியது. கனடாவின் கண் மருத்துவர் மைக்கேல் ஈஸ்டர்புரூக் போன்றோர் இத்தகைய காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்தனர். அன்றாடம் அணியும் மூக்குக் கண்ணாடியும் காப்பாகாது. அது உடைந்து சில்லுகள் கண்ணில் பாயக்கூடும். பாலிகார்பனேட்டு வில்லை கொண்டதும், மட்டை விளையாட்டுகளுக்கென ஏ.எஸ்.டி.எம். வகுத்த தரத்தை நிறைவு செய்வதுமான கண்ணாடியே ஏற்றது. மட்டை கைநழுவிப் பிறரைத் தாக்காதிருக்க, அதன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதும் விதியாகும். எதிராளி மீது பந்தோ மட்டையோ படும் எனத் தோன்றினால், அடிக்காமல் நிறுத்திவிடலாம். அப்பந்தடி மீண்டும் ஆடப்படும்.

இதயம் பற்றிய எச்சரிக்கை

சுவர்ப்பந்து ஆட்டத்தோடு தொடர்புடைய 60 திடீர் இறப்புகளை ஆராய்ந்த பிரித்தானிய மருத்துவர்கள் 1986இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 51 பேரின் இறப்புக்குக் காரணம் இதயத் தமனி நோய். 45 பேர் இறப்பதற்கு முன்னரே அறிகுறிகளைப் பிறரிடம் சொல்லியிருந்தனர். அவற்றுள் முதன்மையானது நெஞ்சுவலி. அதாவது, உடல் எச்சரித்தும் அவர்கள் ஆடினர். ராக்கெட்பாலின் உழைப்பும் இதே வகையினது என்பதால் இச்செய்தி இதற்கும் பொருந்தும்.

இத்தகைய ஆட்டத்தில் உழைப்பின் அளவை ஆடுபவர் மட்டும் முடிவு செய்வதில்லை, எதிராளியும் முடிவு செய்கிறார். நடப்பவர் களைத்தால் மெல்ல நடப்பார். புள்ளி இழக்கும் நிலையில் உள்ளவர் அவ்வாறு நிற்பதில்லை. எனவே நெடுங்காலம் உடலுழைப்பின்றி இருந்த நடுத்தர வயதினரும், உயர் குருதி அழுத்தம், நீரிழிவு உடையோரும், புகைப்போரும் மருத்துவரிடம் சோதித்துக்கொண்ட பின்னரே ஆடத் தொடங்க வேண்டும். சில வாரங்கள் விரைநடையும் மெல்லோட்டமும் பழகிவிட்டு அரங்கினுள் நுழைவது பாதுகாப்பானது. நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஆட்டத்தை அப்போதே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் ஆடுதல் கூடாது.

பிற காயங்கள்

கணுக்கால் சுளுக்கு, முழங்கை வலி, தோள்பட்டை வலி, குதிகால் நாண் காயம் ஆகியன பரவலாகக் காணப்படுபவை. ஓட்டத்துக்கென அமைந்த காலணி பக்கவாட்டு அசைவைத் தாங்காது. உள்ளரங்க ஆட்டத்துக்கான, தரையில் தடம் பதிக்காத அடிப்பாகமுடைய காலணி தேவை. மட்டைப் பிடி கைக்குப் பொருந்தாமலிருப்பதும், நரம்பு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருப்பதும் முழங்கை வலிக்கு வழி வகுக்கும். மூடிய அரங்கில் வியர்வை மிகுதியாக வெளியேறுவதால், ஆட்டங்களுக்கு இடையே நீர் அருந்த வேண்டும். தரையில் சிந்திய வியர்வையைத் துடைத்த பின்னரே ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

முதியோருக்கு நால்வர் ஆட்டம் ஏற்றது. ஒவ்வொருவரும் அரங்கின் பாதியை மட்டும் காப்பதால் ஓட்டம் குறைகிறது. எனினும் சிறிய இடத்தில் நான்கு மட்டைகள் சுழல்வதால் கண்ணாடியின் தேவை இன்னும் கூடுகிறது. அமெரிக்கப் போட்டிகளில் 35 வயதுக்கு மேல் ஐந்தாண்டு இடைவெளியில் வயதுப் பிரிவுகள் உள்ளன. எண்பது வயதைக் கடந்தோருக்கும் தனிப்பிரிவு உண்டு.