இருபத்தோராவது எழுத்து

கடவுச்சீட்டு ஒன்றை விரித்து நோக்குவோர், உருவப்படம் பதித்த பக்கத்தின் அடியிலே எழுத்துகளும் எண்களும் அம்புத்தலைக் குறிகளும் நெருங்கி நிற்கும் இரண்டு வரிகளைக் காண்பர். அவை மனிதர் வாசிப்பதற்கென அன்றி, இயந்திரம் வாசிப்பதற்கென அமைந்தவை. வரி ஒன்றுக்கு 44 இடங்கள் உள. இரண்டாம் வரியின் 21ஆம் இடத்தில் நிற்கும் ஓர் எழுத்து, அச்சீட்டுக்கு உரியவர் ஆணா பெண்ணா என்பதை உரைப்பது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த இம்முறையை உலக நாடுகள் தழுவி நடக்கின்றன.

இவ்வோர் எழுத்துப் பொருந்தாது நின்றால் யாது நேரும்? நம்மிற் பெரும்பாலார்க்கு இவ்வினா எழுவதே இல்லை. ஆயின், பிறந்தபோது பதிவேட்டில் எழுதப்பட்ட பாலினின்றும் வேறுபட்டு வாழும் திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் அது நாள்தோறும் எழும் வினா. படத்திலே பெண்ணின் முகம். எழுத்திலே ஆண் என்னும் குறி. விமான நிலையத்து அதிகாரி முகத்தை நோக்குவார், சீட்டை நோக்குவார், மீண்டும் முகத்தை நோக்குவார். பின்னே நிற்கும் வரிசை முழுவதும் அவரோடு சேர்ந்து நோக்கும்.

தமிழாசிரியன் ஒருவன் கடவுச்சீட்டைப் பற்றி எழுதப் புகுவது விந்தை எனச் சிலர் கருதலாம். பால் காட்டும் ஓரெழுத்தைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ் கற்றோர்க்குப் புதிய தொழில் அன்று. வந்தான் என்பதிலே னகர ஒற்றும், வந்தாள் என்பதிலே ளகர ஒற்றும், வந்தார் என்பதிலே ரகர ஒற்றும் என்ன வேலை செய்கின்றன என்பதைச் சிறாருக்குக் கற்பித்தே எம் காலம் கழிந்தது. அந்த வகுப்பறைப் பாடத்தினின்றே இப்பொருளை நோக்குதல் தகும்.

இலக்கண நூலார் கண்ட நெறி

பழைய நூல்களிலும் உரைகளிலும் இத்தகையோரைக் குறிக்க வரும் பேடி, பேடு முதலிய சொற்கள் நாளடைவில் வசைச் சொற்களாய் இழிந்தன. ஆதலின், திருநங்கை, திருநம்பி, இருசாராரையும் அடக்கும் திருநர் என்னும் இக்கால வழக்கையே யான் ஈண்டு ஆள்கின்றேன்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம், தொடங்கிய சில சூத்திரங்களுக்குள்ளேயே இவர்களைப் பற்றிப் பேசுகின்றது. ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் பெயரையும், தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஆசிரியர் ஒரே சூத்திரத்தில் வைத்தார். இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை; எனினும் இவை உயர்திணையின் பால்களுக்கு உரிய ஈறுகளையே பெற்று நடக்கும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. மற்றோரிடத்திலே, ஆண்மை திரிந்த பெயரானது ஆண்பாலை உணர்த்தும் ஈற்றோடு முடிதற்கு இடமில்லை என்று விலக்கினார். ஆண்மையை விட்டு நீங்கிய ஒருவரை வந்தான் என்று சொல்லுதல் வழுவாகும் என்பது இதனாற் பெறப்படும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஒருபடி தெளிவாகச் சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் கோட்பாடு. நூலாசிரியர் பாலைத் துணிவதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் அவா என்பதை மாணாக்கர் ஊன்றி நோக்குக. பிறப்பிலே பிறர் கண்டு சொன்னதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை.

அச்சூத்திரத்தின் இறுதியிலே, இவ்விருவகையினரும் அஃறிணை போலவும் வழங்கப்படுதல் உண்டு என்று கூறியதையும் யான் மறைக்க விரும்பவில்லை. அவர் காலத்து உலக வழக்கு அது. மனிதரை அது, இது என்று சுட்டும் வழக்கம் அன்று இருந்ததை நூல் பதிவு செய்தது. இன்றும் தெருவிலே அது முற்றும் ஒழிந்துவிடவில்லை. நூலின் முதற்பகுதி நமக்கு நெறி. இறுதிப்பகுதி நமக்கு எச்சரிக்கை.

நம் நாட்டு நடைமுறை

இனி, நம் நாட்டு நடைமுறையை நோக்குவோம். இலங்கையில் 2016ஆம் ஆண்டு ஒரு வழி திறந்தது. சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் ஆராய்ந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிலே பெயரையும் பாலையும் திருத்துதற்கு அவ்வாண்டிலேயே பதிவாளர் நாயகம் திணைக்களமும் வழி செய்தது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முயற்சியும் இதற்குத் துணை நின்றது.

ஆயினும், இஃது ஒரே வாயில் அன்று. சங்கிலி போலத் தொடரும் வாயில்கள். வைத்தியரின் சான்றிதழ் இன்றேற் பிறப்புச் சான்றிதழ் திருந்தாது. பிறப்புச் சான்றிதழ் திருந்தினாலன்றித் தேசிய அடையாள அட்டை மாறாது. அடையாள அட்டை மாறினாலன்றிக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலே திருத்திய கடவுச்சீட்டைப் பெறுதல் அரிது. கண்டி நகரில் அத்திணைக்களத்தின் பிராந்தியக் காரியாலயம் உண்டு. ஆனால் அதன் படியேறுமுன் ஒருவர் ஏறி இறங்கவேண்டிய படிகள் எத்தனை!

இவற்றுள் அடையாள அட்டையின் செய்தி தனியே கூறத்தக்கது. நம் நாட்டு அட்டையின் எண்ணிலேயே பால் பொதிந்துள்ளது. பிறந்த ஆண்டை அடுத்து, அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பதை மூன்று இலக்கங்கள் காட்டும். பெண்ணாயின் அந்நாளோடு 500ஐக் கூட்டி எழுதுவர். சனவரி முதல் நாளிற் பிறந்த ஆணுக்கு 001. அன்றே பிறந்த பெண்ணுக்கு 501. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இம்முறையே தொடர்கின்றது. எனவே, அட்டையிற் பாலைத் திருத்த வேண்டின் எண்ணே மாறியாக வேண்டும். எண் மாறினால் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, சாரதி அனுமதிப்பத்திரம் என அவ்வெண்ணைப் பற்றிக் கிடக்கும் அனைத்தும் அசையும். ஒற்றெழுத்து ஒன்று மாறினாற் போதும் என்பது இலக்கணத்திலே எளிது. வாழ்க்கையிலே அதன் விலை பெரிது.

மேலும், அடையாள அட்டைக்கான விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் கைவழியே செல்வது. தோட்டங்களில் வாழ்வோர்க்குத் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்துவார். ஊரறிய வாழும் சிற்றூரிலும் லயத்திலும் இஃது எளிய காரியம் அன்று. எவரிடம் சொல்ல அஞ்சுகின்றாரோ அவரிடமே முதலிற் சென்று நிற்றல் வேண்டும்.

தாள் ஒன்றின் பெறுமதி

தாள் ஒன்று மனிதனை என்ன செய்யும் என்பதை மலையகத் தமிழர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர் நம் முன்னோர். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கணக்கிட்டு 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்கும் எனப் பகுத்து, எஞ்சியோரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று விட்டுவைத்தது. எந்த மண்ணிற் பிறந்தோம் என்பது அவர்கள் நெஞ்சுக்குத் தெரியும். தாள் வேறொன்று சொல்லிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அத்துயரம் முற்றும் தீரவில்லை. தம்மைப் பற்றித் தாள் பொய் சொல்ல, அதைத் திருத்தத் தலைமுறைக் கணக்கிற் காத்திருந்த மக்கள், அதே துன்பத்தை வேறு வடிவில் அனுபவிப்போரைக் கண்டு நகைத்தல் தகுமா?

என்னிடம் பயின்ற ஒருவர் சில ஆண்டுகளின் முன் என்னைக் காண வந்தார். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் திருத்தி முடிந்து, அவை யாவும் அவரைப் பெண் என்றே கூறின. பாடசாலை விடுகைப் பத்திரம் ஒன்று மட்டும் பழைய பெயரைத் தாங்கி நின்றது. ஒரு காரியாலயத்திலே அப்பழைய பெயரைப் பலர் கேட்க உரக்கக் கூவி அழைத்தனராம். அதைச் சொல்லிவிட்டு அவர், "எழுவாய்க்கு ஏத்த மாதிரித்தான் பயனிலை வரணும்னு நீங்கதானே சேர் சொல்லித் தந்தீங்க? எழுவாய் நான், இந்தப் பத்திரமெல்லாம் பயனிலை" என்றார். யான் கற்பித்த பாடத்துக்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்கே தோன்றியதில்லை.

பதிவேட்டில் உள்ள பெயரை எம் விருப்பப்படி அழித்தெழுத ஆசிரியர்க்கு அதிகாரம் இல்லை. அப்பெயரில் அங்குப் பயின்றவரும் இப்பெயரில் இன்று நிற்பவரும் ஒருவரே என்று அதிபரின் ஒப்பத்துடன் கடிதம் எழுதிக் கொடுத்தோம். வேலை ஆயிற்று. எனினும் அதிலும் ஓர் இடர் உண்டு. எதை மறந்து வாழ விரும்புகின்றாரோ, அதையே அக்கடிதம் படிப்போர்க்கெல்லாம் அறிவிக்கின்றது. பழைய பெயரைச் சுட்டாமலே புதிய பத்திரம் வழங்கும் முறை வகுக்கப்படும்வரை இவ்விடர் நீங்காது.

பிற நாடுகளும் ஓர் ஐயமும்

உலகம் இதில் ஒரே வழியிற் செல்லவில்லை. மேற்கூறிய பன்னாட்டு அமைப்பின் விதியே ஆண், பெண் என்பவற்றோடு, பால் குறியாது விடுதற்கு எக்ஸ் என்னும் மூன்றாம் குறிக்கும் இடந்தருகின்றது. நேபாளம் 2015 முதல் மூன்றாம் பாலைக் கடவுச்சீட்டிற் குறித்தது. பாகிஸ்தான் 2017இல் எக்ஸ் குறியிட்ட சீட்டை வழங்கிற்று. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலைத் தாமே துணியும் உரிமை ஒருவர்க்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவோ 2022இல் எக்ஸ் குறியைக் கொடுத்து, 2025இல் அவ்வழியை அடைக்கத் தலைப்பட்டது. கொடுத்ததை மீளப் பெறுதலும் அரசுகளின் இயல்பு. நம் நாட்டுச் சான்றிதழ் ஆண், பெண் என்னும் இரண்டிற்குள்ளேயே மாற்றம் தருவது. இரண்டிலும் அமையாதார்க்கு இங்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

இவ்வாறு திருத்த இடங்கொடுத்தால் ஆள்மாறாட்டம் பெருகாதோ என வினவுவோர் உளர். கடவுச்சீட்டின் பயன், கையில் வைத்திருப்பவரே அதற்கு உரியவர் என்று தெளிவித்தல். பெண்ணாய் வாழ்பவர் கையிலே ஆண் என்னும் சீட்டைக் கொடுத்தால் தெளிவு பிறக்குமோ, ஐயம் பிறக்குமோ? அங்கே மாறாட்டம் செய்வது மனிதர் அன்று; தாளே என்க.

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஒரு சொல். சட்டம் செய்தல் நம் கையில் இல்லை. விடுகைப் பத்திரம் தேடி வரும் பழைய மாணாக்கரை நடுக்கூடத்தில் நிறுத்தாது, தனியறைக்கு அழைத்து இருக்கை அளித்தல் நம் கையில் உண்டு. அவர் இன்று ஏற்றுள்ள பெயரால் அழைத்தலும் நம் கையில் உண்டு. தமிழிற் படர்க்கை வினைமுற்றுப் பெரும்பாலும் பால் காட்டுவது. ஆகவே ஒருவரைப் பற்றி வாய் திறக்குந்தோறும் நாம் ஒரு தீர்ப்பு வழங்குகின்றோம். துணிய இயலாதபோது அவர் என்னும் அழகிய சொல் இருக்கின்றது. கடவுச்சீட்டின் 21ஆம் எழுத்தை இடுவது அரசின் கை. வினைமுற்றின் இறுதி எழுத்தை இடுவது நம் நா. அதனை வழுவின்றி இடுதற்கு எந்தச் சுற்றறிக்கையையும் நாம் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.