வீட்டுலயே பீர் தயாரிச்சா காசு மிச்சமா? மணலூர்பேட்டை தம்பிக்கு ஒரு கணக்கு

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். பெங்களூர்ல ஐடி வேலை, சொந்த ஊர் மணலூர்பேட்டை, அதாவது எங்க ஊரேதான். "அண்ணா, ஆன்லைன்ல 6,000 ரூபாய்க்கு ப்ரூயிங் கிட் வருது. ஊர்ல நம்ம பழைய வீடு சும்மாதான் கிடக்கு. அங்க பீர் போட்டு, ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுத்தா கிட் காசை எடுத்துடலாம்ல?"

முதல்ல செய்முறையைப் பார்ப்போம், அப்போதான் கணக்கு புரியும். 5 லிட்டருக்கு சுமார் ஒரு கிலோ மால்ட் வேணும். அதை 65-68 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறவிட்டா மாவுச்சத்து சர்க்கரையா மாறும். வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைச்சு, வேகமா ஆற வைச்சு ஈஸ்ட் சேர்க்கணும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். ஹைட்ரோமீட்டர்ல ஆரம்ப அளவு 1.050, கடைசி அளவு 1.010ன்னா, வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினா சுமார் 5.2 சதவீத ஆல்கஹால்.

இங்கதான் யாரும் சொல்லாத செலவு வருது. பெரும்பாலான ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18-22 டிகிரி வேணும். தென்பெண்ணைக் கரையில மே மாசம் எவ்வளவு வெயில்னு உங்களுக்கே தெரியும். 10 நாள் ஏசி ஓடணும், மணிக்கு ஒரு யூனிட்னு வைங்க, 240 யூனிட். யூனிட் 7 ரூபாய்னாலே 1,680. எல்லாம் 5 லிட்டருக்கு! சூட்டுல விட்டா நாத்தம் அடிக்கும். பாத்திரம் சரியா கழுவலைன்னா புளிச்சுக் கொட்ட வேண்டியதுதான்.

சரி, காசை விடுங்க. சட்டம்?

அமெரிக்காவுல 1978ல வந்த சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு அளவுல வீட்டு பீருக்கு அனுமதி உண்டு. அந்த வீடியோக்களைப் பார்த்துட்டுத்தான் நம்ம பசங்களும் ஆசைப்படுறாங்க. இங்க மது மாநில விஷயம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ல கள், ஒயின், பீர் எல்லாமே மதுதான். லைசென்ஸ் இல்லாம தயாரிக்கிறது குற்றம். தயாரிக்கிறதுக்கான பாத்திரம், பொருள் வெச்சிருக்கிறதும் குற்றம். "நான் விக்கலையே, குடிக்கத்தானே"ன்னா எடுபடாது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காசு வாங்கினா இன்னும் மோசம். (சிஏவா ஒண்ணு சொல்றேன்: சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு, ஆனா அந்தக் குற்றத்துக்குச் செஞ்ச செலவைக் கழிக்க முடியாது!) கர்நாடகாவுலயும் லைசென்ஸ் இல்லாம முடியாது, அதனால பெங்களூர் ரூம்லயும் வேண்டாம்.

நம்ம மாவட்டத்துல இது வெறும் காகிதச் சட்டம் இல்லை. கல்வராயன் மலையில வெல்லம், வேலம்பட்டை போட்டு பேரல்ல ஊறல் வைக்கிறதும், போலீஸ் அதைக் கொட்டி அழிக்கிறதும் பழைய கதை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில 60க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. காரணம் மெத்தனால். தானியமோ சர்க்கரையோ புளிக்கும்போது மெத்தனால் ரொம்பச் சொற்பமாத்தான் வரும். அங்க அது தொழிற்சாலைக் கெமிக்கலா கலக்கப்பட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தினாங்க: கள்ளச்சாராயத்தால உயிர் போனா ஆயுள் தண்டனை வரை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. யாராவது குடிச்சிட்டு கண் மங்குது, வயிறு வலிக்குதுன்னா காத்திருக்காதீங்க, உடனே 108.

தம்பி, உங்க பீருக்கும் அந்தச் சாராயத்துக்கும் சம்பந்தமே இல்லைதான். ஆனா எஃப்ஐஆர் போடுறவர் ஹைட்ரோமீட்டர் பார்க்க மாட்டார். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல வழக்கு தெரிஞ்சா, 6,000 ரூபாய் கிட்டுக்காக வருஷச் சம்பளமே கேள்விக்குறி ஆகும். ஹெல்த் இன்ஷூரன்ஸ்லயும் பாருங்க, குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைக்கு க்ளெய்ம் கிடையாது.

புளிக்க வைக்கிறதுலதான் ஆசைன்னா இஞ்சி பானம் ட்ரை பண்ணுங்க. துருவின இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், கொஞ்சம் தண்ணி. தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்தா 3-5 நாள்ல நுரைக்கும். அதுல கால் கப் வடிகட்டி, ஆறின இஞ்சித் தண்ணி ஒரு லிட்டர், சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைச் சாறு சேர்த்து பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்துங்க. கண்ணாடி வேண்டாம், வெடிக்கும். பாட்டில் அமுங்காம கெட்டியானதும் ஃப்ரிட்ஜ். நம்ம வெயிலுக்கு ஒரு நாளே போதும். இழுத்தடிச்சா இதுலயும் ஆல்கஹால் ஏறும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதம் தாண்டினா அதுவும் மதுபானம்தான், அதனால ரெண்டு நாள்ல குடிச்சு முடிச்சிடுங்க. அதைவிட மலிவு நம்ம நீராகாரம். ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தினா காலையில ரெடி, செலவு பூஜ்யம்.

இதைச் சொன்னதும் தம்பி விடலை. "அண்ணா, அப்போ தை 5 ஆத்துத் திருவிழாவுல இஞ்சி பானம் ஸ்டால் போடலாமா?" போடலாம். ஆனா முதல்ல எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுங்க, அன்னைக்கே தயாரிச்சதை மட்டும் வில்லுங்க. பதிவு எப்படி எடுக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன்.