குரூப்பாகப் படித்தால் நம் பிள்ளைகள் பின்தங்கி விடுவார்களா?

"இன்று சமூக அறிவியல் வகுப்பில் குரூப்பாக உட்கார்ந்து படித்தோம்" என்று பிள்ளை வந்து சொன்னால், பல பெற்றோருக்கு முதலில் வருவது கவலைதான். டீச்சர் பாடமே நடத்தவில்லையா? ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதிக் கொண்டார்களா? நியாயமான கவலை. நான்கு பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் அது கூட்டுறவுக் கற்றல் ஆகாது.

1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது சண்டைகள் வெடித்தன. உளவியலாளர் எலியட் ஆரன்சன் அறிவுரை சொல்லிக் கொண்டிருக்கவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்றவர்களுக்குத் தேவையான ஒன்று இருந்ததால், ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டே ஆக வேண்டியிருந்தது. இதுவே 'ஜிக்சா' முறை.

திருத்தணியின் சொந்த வரலாற்றையே இப்படி நடத்தலாம். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் உருவாகி, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போன கதை. இரண்டாமவருக்கு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம். மூன்றாமவருக்கு, இரு மாநிலங்களுக்கும் நடுவராக வந்த படாஸ்கர் சொன்ன தீர்வு. நான்காமவருக்கு 1959-ம் ஆண்டுச் சட்டம்: 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நமக்கு வந்தது; பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. இந்த நான்காவது துண்டைக் கேட்காத பிள்ளைக்கு 'திருத்தணியை மீட்டோம்' என்பது மட்டுமே தெரியும், கொடுத்தது தெரியாது.

ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிவு பெறுவார்கள். நாற்பது பேர் வகுப்பென்றால் ஒரு துண்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள். இரண்டாகப் பிரிப்பது நல்லது. பிறகு தம் குழுவுக்குத் திரும்பிக் கற்றுக் கொடுப்பார்கள். கடைசியில் நான்கு துண்டுகளிலும் தேர்வு உண்டு. தனித்தனியாக எழுத வேண்டும், மதிப்பெண்ணும் தனித்தனிதான். பார்த்து எழுதும் பேச்சுக்கே இடமில்லை.

எல்லையோர ஊர் வகுப்பில் வீட்டில் தமிழ், தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் சேர்ந்து இருப்பார்கள். வீட்டில் உருது பேசும் நம் பிள்ளை தன் துண்டைத் தமிழில் விளக்க முதலில் தடுமாறலாம். மற்றவர்கள் சிரிக்க முடியாது. அவன் சொல்வது அவர்களுக்குத் தேர்வில் வேண்டும். கேள்வி கேட்டுக் கேட்டு அவனைப் பேச வைப்பார்கள். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமலே பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எது?

சிக்கல் நேரம்தான். ஒரு பீரியடில் இதை முடிக்க முடியாது. குறைந்தது இரண்டு தொடர்ந்து வேண்டும். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில், வாரம் ஒருமுறையாவது சமூக அறிவியலுக்கு இரண்டு பீரியடுகளைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.