"உனக்கு இதெல்லாம் ஒரு குறையோ?"

தம்பி பென்சிலை எடுத்துவிட்டான். சட்டைக் கொலர் கழுத்தில் அரிக்கிறது. ரியூசன் முடிந்து வந்தால் கரண்ட் இல்லை, நுளம்பு வேறு. பிள்ளை புறுபுறுக்கத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெரியவர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "நாங்கள் பங்கருக்குள்ளை கிடந்தனாங்கள், 95இலை ஊரையே விட்டு நடந்தனாங்கள். உனக்கு இதெல்லாம் ஒரு குறையோ?"

அந்தப் போர்க்காலத் துன்பம் உண்மை. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று நூலே எழுதுமளவுக்கு இந்தக் குடாநாடு பட்டிருக்கிறது. ஆனால் அதை அளவுகோலாக்கினால் எந்தப் பிள்ளையின் மனக்குறையும் எடுபடாது. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். என் பயமே அதுதான். பென்சில் பறிபோனதைச் சொல்லி ஏச்சு வாங்கிய பிள்ளை, நாளைக்கு யாராவது தகாத விதமாகத் தொட்டால் அதை வீட்டில் வந்து சொல்லுமா?

ஆகவே ஏசுவதற்குப் பதிலாக, எரிச்சலைப் பிள்ளைக்கு இப்படி விளக்கலாம்: "நீ நினைச்சது நடக்கேல்லை, இல்லாட்டி ஒண்டு திரும்பத் திரும்ப உன்னைக் கரைச்சல்படுத்துது. அப்ப முகம் சுடும், குரல் உயரும். அம்மாவுக்கும் அப்பிடி வரும். கொஞ்ச நேரத்திலை போயிடும். எரிச்சல் வாறது பிழையில்லை. அதுக்காகத் தம்பிக்கு அடிக்கிறதுதான் பிழை." பிறகு, என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அதற்கு முன் பசியையும் நித்திரையையும் பாருங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டுமே குறைவு.

தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்வது பிள்ளையின் உரிமை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை அது. சினந்த பிள்ளைக்குப் பிரம்பு பதிலாகாது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது.

எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்து, சாப்பாடும் நித்திரையும் விளையாட்டும் குழம்பினால், அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் பேசலாம். பிள்ளைக்கு யாராவது அடித்தாலோ துன்புறுத்தினாலோ, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முறையிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 கட்டணமில்லாத இலக்கம். அதைப் பிள்ளைக்கும் பாடமாக்கி விடுங்கள். அழைப்பதற்குப் பிள்ளை பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.