கல்லாவில் இருக்கும்போது சர்க்கரை இறங்கினால்

நம் வியாபாரிகளில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள் அநேகம். சர்க்கரை ஏறுவதற்குப் பயப்படுகிறோம். இறங்குவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஏறினால் வருஷக்கணக்கில் உடம்பைக் கெடுக்கும். இறங்கினால் அரை மணி நேரத்தில்கூட ஆளைச் சாய்த்துவிடும்.

காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடை திறக்கிறோம். லாரி வந்து நிற்கிறது, சரக்கு இறக்க வேண்டும், பண்டிகை நேரமென்றால் கூட்டம் வேறு. இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க மணி 11 ஆகிவிடுகிறது. மாத்திரை அதுவரை காத்திருக்குமா? கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் இப்படி இறக்கிவிடக்கூடியவை. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது அபூர்வம்.

100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்வு. 54-க்குக் கீழே ஆபத்து. முதலில் உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும். ரத்தக் கொதிப்புக்கு அடெனலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். அடுத்து மூளை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள அது, நம் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. சர்க்கரை குறைந்தால் கூட்டல் தப்பும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்க்கிறவர்கள், முதலாளி குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போவார்கள். உயிர் போவது இப்படித்தான்.

உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும். பிறகு சாப்பாடு. சாக்லேட், கிரீம் பிஸ்கட் உதவாது. அவற்றின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வாக்லிபோஸ் சாப்பிடுபவர்களுக்கு குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மூட்டை மூட்டையாகச் சீனி விற்கிறோம். கல்லாவில் ஒரு குளுக்கோஸ் டப்பா வைத்திருப்பவர் எத்தனை பேர்?

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைக் கடைப் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. கிளிபென்கிளமைடின் வேகம் ஒரு நாள்வரை நிற்கும். சர்க்கரை திரும்பவும் இறங்கலாம்.

டாக்டரிடம் காலைச் சாப்பாடு 8 மணிக்கு என்று சொல்லிவிட்டு 11 மணிக்குச் சாப்பிட்டால், அவர் எழுதிக்கொடுக்கும் அளவு நமக்கு எப்படிப் பொருந்தும்? உள்ள நேரத்தைச் சொன்னால் மாத்திரையையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.